சீசனுக்கு வந்தவர் இல்லை

போன வாரம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாணவனைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது ஊட்டியில் ஒரு காட்டேஜில் ரிசப்ஷனில் இருக்கிறான். பஸ் வரத் தாமதம். பேச்சு டிசம்பர் கூட்டத்தில் போய் நின்றது. அவன் கேட்டது இது:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு கிறிஸ்துமஸ்னா ரூம் ஃபுல். 'ரூம் இல்லைங்க, ரூம் இல்லைங்க'ன்னு போன்ல சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சுடும். ஸ்டார் கட்டுறோம், மரம் வைக்கிறோம், கேக் வெட்டுறோம். ஆனா உள்ளுக்குள்ள அது என்னன்னு தெரியல. எங்க கிருஷ்ண ஜெயந்தி மாதிரி உங்க சாமிக்குப் பிறந்தநாள், அவ்வளவுதானா? கடவுள்னா ஏன் சார் மாட்டுக் கொட்டகையில வந்து பிறக்கணும்? அப்புறம் ஒண்ணு. போன வருஷம் காந்தல்ல ஒரு வீட்டுல கிறிஸ்துமஸ் குடில் பார்த்தேன். பொம்மையா எல்லாரும் இருக்காங்க, குழந்தையை மட்டும் காணோம். வைக்க மறந்துட்டாங்களா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி ஏறிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. உன்னைப் போல வேறு பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போதகர் இல்லை. முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். போதகர் வர முடியாத ஞாயிறுகளில் எஸ்டேட் சபைகளில் பிரசங்கம் செய்கிறவன். மனைவி கத்தோலிக்கக் குடும்பம். ஆகவே எங்கள் வீட்டில் ஆராதனையும் உண்டு, திருப்பலியும் உண்டு. மரியாளின் கணவரை நான் யோசேப்பு என்பேன், அவள் சூசையப்பர் என்பாள். ஆள் ஒருவர்தான்.

தம்பி, நம்ம மலையில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. சீசனுக்கு வருகிறவர்கள், இங்கேயே கிடக்கிறவர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வெயில் ஏறினால் மதராஸ் மாகாண அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு வந்துவிடும். வெயில் தணிந்ததும் இறங்கிவிடும். இன்றைக்கும் ஏப்ரல், மே கூட்டம், அப்புறம் செகண்ட் சீசன், அப்புறம் டிசம்பர் கடைசி வாரம். வருகிறவர்கள் நல்லவர்கள்தான். அவர்களால்தான் உனக்குச் சம்பளம். ஆனால் ஜூலை மழையில் சுவர் ஊறுவதும், தலைகுந்தா பக்கம் உறைபனியில் புல் வெள்ளையாகிக் கிடப்பதும், பனி பட்டுத் தேயிலை கருகிக் கூலி குறைவதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கிறிஸ்துமஸைப் பற்றிக் கிறிஸ்தவ விசுவாசம் சொல்வதை இந்த மலைப் பாஷையில் சொன்னால், கடவுள் சீசனுக்கு வரவில்லை, குடிவந்தார். நான் கீழே எழுதப்போவதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் மாட்டுக் கொட்டகை கிடையாது, மேய்ப்பர்கள் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. ஒரே ஒரு வரி: "அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்." வார்த்தை என்று அவர் சொல்வது ஆதியில் கடவுளோடு இருந்த, தாமே கடவுளாயிருந்த ஒருவரை. அவர் மாம்சமானார், அதாவது எலும்பும் தோலும் பசியும் காய்ச்சலும் உள்ள உடம்பானார். "வாசம்பண்ணினார்" என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்குக் கூடாரம் அடித்துத் தங்கினார் என்று பொருள். கூடாரம் தற்காலிகமானதுதானே என்று நீ மடக்கலாம். யோவான் மனதில் வைத்திருப்பது பழைய ஏற்பாட்டின் ஆசரிப்புக் கூடாரத்தை. எகிப்திலிருந்து புறப்பட்ட ஜனங்கள் வனாந்தரத்தில் கூடாரங்களில் இருந்தார்கள். அவர்கள் நடுவில் கடவுளுக்கும் ஒரு கூடாரம். ஜனங்கள் கிளம்பினால் அதையும் பிரித்துத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களுக்கு என்ன வீடோ, அவருக்கும் அதே வீடு.

இப்போது கிருஷ்ண ஜெயந்திக்கு வருவோம். நீ கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் இயேசுவைப் பற்றிப் பேசியவர்கள் பலரே அவதாரம் என்ற சொல்லைக் கையில் எடுத்திருக்கிறார்கள். கதையும் உனக்குப் பழகினது போலத்தான் இருக்கும். அங்கே கம்சன், இங்கே ஏரோது ராஜா. அங்கே ராவோடு ராவாக யமுனையைக் கடந்த கூடை, இங்கே ராவோடு ராவாக எகிப்துக்கு ஓட்டம். உரலில் கட்டுண்டு ஏங்கி நின்ற பிள்ளையை நினைத்து உருகிய ஊர் இது. கடவுள் எளியவராக இறங்கி வருவார் என்பது தமிழனுக்குப் புதுச் செய்தி இல்லை. எங்கள் ஆட்கள் சிலர் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அவதாரம் யுகந்தோறும் நிகழும். நல்லாரைக் காத்து, பொல்லாரை அழித்து, தர்மத்தை நிலைநாட்டி, வந்த காரியம் முடிந்ததும் தன் இடம் திரும்பும். கிறிஸ்தவம் சொல்வது ஒரே ஒரு தரம் நடந்த ஒன்றை. அதுவும் பொல்லாதவர்களையும் சேர்த்துக் காப்பதற்காக. அதைவிடப் பெரிய வித்தியாசம், எடுத்த மனிதத்தன்மையை அவர் திரும்பக் கழற்றி வைக்கவே இல்லை என்பது. உயிர்த்தெழுந்த பிறகு சீடர்களிடம் வந்தபோது கையில் ஆணித் தழும்பு இருந்தது. அந்தத் தழும்போடுதான் பரத்துக்கு ஏறினார் என்பது எங்கள் நம்பிக்கை. பெத்லெகேமில் எடுத்த உடம்பு முப்பத்துச் சொச்சம் வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்தது இல்லை.

இதைச் சரியான வார்த்தையில் சொல்லச் சபைக்கு நானூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. 325-ல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, குமாரனான இயேசு பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கை செய்தார்கள். 451-ல் கல்சீதோன் சங்கத்தில், அவர் முழுக் கடவுள், முழு மனிதர், இரண்டு தன்மைகளும் கலவாமலும் மாறாமலும் பிரியாமலும் பிரிக்கப்படாமலும் ஒருவரில் இருக்கின்றன என்றார்கள். கலவாமல் என்பதைக் கவனி. பாலும் டிக்காஷனும் கலந்தால் பிறகு பாலும் இல்லை, டிக்காஷனும் இல்லை, டீதான் இருக்கும். இயேசு அப்படிப்பட்ட டீ இல்லை. பாதிக் கடவுள், பாதி மனிதர் என்று யாராவது சொன்னால் அது கிறிஸ்தவம் சொல்வது ஆகாது.

தேதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேதத்தில் டிசம்பர் 25 கிடையாது. ரோமில் 354-ல் தொகுத்த ஒரு நாட்காட்டியில் அந்தத் தேதி இருக்கிறது. ரோமர்களின் சூரிய விழாவுக்குப் பதிலாக வைத்தார்கள் என்பார்கள் சிலர். இயேசு கருவானது மார்ச் 25 என்று கணக்கு வைத்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பார்கள் வேறு சிலர். ஆர்மீனியச் சபையார் இன்றும் ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறார்கள். கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், தேதியை நம்பி எதுவும் நிற்கவில்லை.

கணக்கு என்றதும் இன்னொன்று. நீங்கள் காட்டேஜ் வாசலில் தொங்கவிடும் காகித ஸ்டார் இருக்கிறதே, கூர்கூராகப் பல முனைகளோடு, அந்த ஜாதி ஸ்டார் பிறந்தது ஒரு கணக்கு வகுப்பில். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவிய சபையார் நடத்திய பள்ளியில், 1830-களில், பையன்களுக்கு வடிவியல் புரியட்டும் என்று செய்யச் சொன்னது. உன் வகுப்பில் அதைச் செய்யச் சொல்லியிருந்தால் நீ கூம்பையும் பிரமிடையும் குழப்பியிருக்க மாட்டாய்.

சரி, கொட்டகை. தன் சுவிசேஷத்தில் லூக்கா எழுதியிருப்பது ஒரு வாக்கியம்தான்: "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்." கொட்டகை என்ற சொல்கூட அங்கே இல்லை. முன்னணை என்றால் மாடு தீனி தின்னும் தொட்டி. அதை வைத்து நாம் கொட்டகை கட்டிக்கொண்டோம். மாடும் கழுதையும்கூட லூக்காவில் இல்லை. "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்" என்று பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசி எழுதிய வரியிலிருந்து அவை குடிலுக்குள் நடந்து வந்தவை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் என்ற துறவி உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். நீ காந்தலில் பார்த்த குடிலுக்கு அதுதான் பூர்வீகம்.

இன்னொரு ஆளும் வேதத்தில் இல்லை: சத்திரக்காரன். பள்ளி நாடகத்துக்கு வருஷா வருஷம் அந்த வேஷத்துக்கு நானே ஆள் பிடித்திருக்கிறேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, லாந்தரைத் தூக்கி, "இடமில்லை, போங்கள்!" என்று அதட்டுவதற்குப் பையன்களுக்குள் அடிதடியே நடக்கும். ஆனால் லூக்கா அங்கே எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு விருந்தாளிகள் தங்கும் அறை என்றும் பொருள் உண்டு. இயேசு கடைசி இராப்போஜனம் உண்ட அறைக்கும் இதே சொல்லைத்தான் எழுதுகிறார். நல்ல சமாரியன் கதையில் வருகிற வாடகைச் சத்திரத்துக்கு அவர் எழுதுவது வேறு சொல். அதனால் அறிஞர் பலர் சொல்வது இப்படி: சொந்த ஊருக்குப் போனார்கள், உறவுக்காரர் வீட்டில் விருந்தாளி அறை நிரம்பியிருந்தது, அந்தக் காலத்து வீடுகளில் குடும்பத்தோடு மாடும் ஒரு பக்கம் கட்டியிருக்கும், அந்தத் தொட்டியில் பிள்ளையைக் கிடத்தினார்கள்.

எனக்கு இந்த விளக்கம்தான் சரியென்று படுகிறது. உன்னால் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். நீ கெட்டவன் என்பதால் போனில் இடமில்லை என்று சொல்வதில்லை. இடம் இல்லாததால் சொல்கிறாய். பெத்லெகேமிலும் யாரும் கொடுமை செய்யவில்லை. எல்லா இடமும் முன்பே நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். கடவுளை வேண்டாம் என்று விரட்டுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலை, கடன், பிள்ளை படிப்பு, செல்போன் என்று உள்ளே ஏற்கெனவே நிரம்பியிருக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் கதையில் எனக்குப் பிடித்தது, அவர் அதனால் திரும்பிப் போகவில்லை என்பது. இருந்த இடுக்கில் பிறந்தார்.

அவர்கள் பெத்லெகேமுக்கு ஏன் போனார்கள்? "உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது." குடிமதிப்பு என்றால் குடிக்கணக்கெடுப்பு. ரோமாபுரியில் உட்கார்ந்திருந்த பேரரசர் கையெழுத்துப் போட்டார், நாசரேத்தில் இருந்த நிறைமாத கர்ப்பிணி மலை ஏறினாள். இந்த வசனத்தை எங்கள் எஸ்டேட் சபை ஒன்றில் ஒரு கிறிஸ்துமஸ் அன்று வாசித்தேன். ஆராதனை முடிந்து தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி சொன்னார்: "எங்களையும் இப்பிடித்தான் சார் எழுதினாங்க. பேர எழுதி, போட்டோ புடிச்சு, ரெண்டு பக்கமும் எழுதினாங்க."

சிலோன்காரர் என்று நாம் சொல்கிற குடும்பம் அவருடையது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த 9,75,000 பேரைப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு நம் மலைக்கு. அவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. அந்தப் பாட்டி கப்பல் ஏறியபோது வயிற்றில் ஏழு மாதம். பிள்ளை பிறந்தது முகாமில்.

நான் எத்தனையோ வருஷம் குடிமதிப்பு என்ற வார்த்தையைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது சும்மா காலக் குறிப்பு என்றுதான் நினைத்தேன். அது காலக் குறிப்பு மட்டும் இல்லை. ராயன் பெயர்களை எண்ணுகிறான், வரி வசூலிக்க. அந்த எண்ணிக்கைக்குள், எண்ணப்படுகிறவர்கள் பக்கம், கடவுள் வந்து ஒரு எண்ணாக நிற்கிறார். பிறகு ஏரோது குழந்தைகளைக் கொல்ல ஆள் அனுப்ப, அந்தக் குடும்பம் எகிப்துக்கு அகதியாக ஓடுகிறது. அரண்மனையில் பிறந்திருந்தால் எங்கள் பாட்டிக்கு அவரிடம் பேச எதுவும் இருந்திருக்காது.

மேய்ப்பர்களும் இதே கணக்கில்தான் வருகிறார்கள். மந்தையைக் காக்க ராத்திரி வயல்வெளியில் விழித்திருந்தவர்கள். உன் பாஷையில் நைட் டியூட்டி. முதல் செய்தி அவர்களுக்குத்தான் வந்தது. கோயிலில் இருந்த ஆசாரியனுக்கோ, அரண்மனைக்கோ வரவில்லை. அவர்களுக்குக் கொடுத்த அடையாளம் என்ன தெரியுமா? பிள்ளையைத் துணியில் சுற்றித் தீனித்தொட்டியில் கிடத்தியிருப்பார்கள், அதுவே உங்களுக்கு அடையாளம் என்றான் தூதன். மாட்டோடும் ஆட்டோடும் கிடக்கிறவனுக்குத் தொட்டி தெரியும். தயங்காமல் உள்ளே போகக்கூடிய இடம். இங்கே ஒரு பழைய செய்தி ஞாபகம் வருகிறது. 1603-ல் பெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் கேரளப் பக்கமிருந்து இந்த மலைக்கு ஏறி வந்தார். மலைமேல் தொலைந்துபோன பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர். அவர் கண்டது தோடர்களையும் அவர்களுடைய எருமைகளையும். ஏமாற்றத்தோடு இறங்கியிருப்பார். மந்தை காக்கிறவர்கள் நடுவில் நின்ற அவருக்கு லூக்காவின் இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வந்ததா என்று நான் யோசிப்பதுண்டு.

தோடர் குடியிருப்பான மந்தில் அந்தப் பழைய வளைவு வீட்டைப் பார்த்திருப்பாய். வாசல் அவ்வளவு சின்னது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். பெத்லெகேமில் இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் குகைமேல் கட்டிய ஆலயத்துக்கும் அப்படித்தான் வாசல். ஏறக்குறைய நாலடி உயரம். குதிரையும் வண்டியுமாக யாரும் உள்ளே புகுந்துவிடக்கூடாது என்று அடைத்துச் சிறிதாக்கியது. இன்று அதற்குப் பெயர் தாழ்மையின் வாசல். பிரதமரானாலும் பாதிரியாரானாலும் தலை குனியாமல் நுழைய முடியாது.

தாழ்மை என்ற சொல்லை நாங்கள் ரொம்பப் புழங்கித் தேய்த்துவிட்டோம். அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதியது அதைவிடக் கடுமையானது: "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து." பிறந்த குழந்தையால் தன் கழுத்தைத் தானே நிமிர்த்த முடியாது. உலகத்தைத் தாங்குகிறவர் என்று நாங்கள் பாடுகிறவரை ஒரு சிறு பெண் கழுத்தைத் தாங்கித் தூக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணும் சாதாரணப் பெண் இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்று பாடியவள். கார்டுகளில் நீல முக்காட்டோடு குனிந்திருக்கும் மரியாளைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டைப் படித்தால் கொஞ்சம் திடுக்கிடும்.

இவ்வளவும் எதற்கு? மன்னிப்பை மேலிருந்தே அறிவித்திருக்கக் கூடாதா? இது நீ கேட்காத கேள்வி; ஆனால் உன் கேள்விக்கு அடியில் இருப்பது. நாலாம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரி என்ற ஆயர் ஒரே வரியில் பதில் சொன்னார்: எது ஏற்றுக்கொள்ளப்படவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. மனித உடம்பு, மனித மனசு, பயம், பிறப்பு, சாவு எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதால் அவை எல்லாம் உள்ளிருந்து குணமாகின்றன. பாவம் என்றால் தப்புப் பட்டியல் என்று மட்டும் நினைக்காதே. கடவுளோடும் அடுத்தவனோடும் இருக்க முடியாதபடி மனிதன் தனக்குள்ளேயே சுருண்டு போன நிலை அது. சுருண்டு கிடப்பவனை வெளியே நின்று அழைத்தால் போதாது.

2009 நவம்பர் உனக்கு நினைவிருக்கும். கேத்திப் பக்கம், குன்னூர்ப் பக்கம் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. பள்ளிக்கூடங்களில் ஜனங்களைத் தங்கவைத்தார்கள். கார்களில் வந்து அரிசியும் போர்வையும் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறோம். ஆனால் ஜனங்கள் பெயர் சொல்லி நினைப்பது எங்கள் பள்ளித் தமிழாசிரியரை. அவர் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்க அவரிடம் இல்லை. ராத்திரியில் அவர்களோடு வகுப்பறைத் தரையில் படுத்துக்கொண்டார். பிற்பாடு ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் பேசக் கூப்பிட்டபோது அவர் (இந்துதான், முருக பக்தர்) இலக்கணம்தான் பேசினார். "இம்மானுவேல் என்றால் தேவன் நம்மோடு என்று போட்டிருக்கிறீர்கள். நமக்கு என்றால் நான்காம் வேற்றுமை, கொடைப்பொருள். நம்மோடு என்றால் மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சிப் பொருள். மொழிபெயர்த்தவர் சரியான உருபைப் போட்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கிறிஸ்துமஸைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் சின்னது, அதுதான் நல்லது.

இந்தப் பண்டிகையை வெறும் சந்தோஷம் என்று நினைத்துவிடாதே. டிசம்பர் 26, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட முதல் ஆளான ஸ்தேவானின் நாள். ஊட்டியில் அவர் பெயரில் 1830-லிருந்து நிற்கும் ஆலயம் உனக்குத் தெரியும். 28-ஆம் தேதி ஏரோது கொன்ற குழந்தைகளின் நினைவுநாள். கேக் கெட்டுப்போவதற்குள் இரண்டு துக்கம். பிள்ளையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்) கொடுத்ததில் பொன் ராஜாவுக்கு, தூபவர்க்கம் தெய்வத்துக்கு, மூன்றாவது வெள்ளைப்போளம். அது பிணத்துக்கு இடுகிற வாசனைப் பொருள். இயேசுவை அடக்கம் பண்ணினபோதும் போளத்தைக் கொண்டுவந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு யாராவது அதைக் கொண்டுபோவார்களா? தொட்டிலும் சிலுவையும் ஒரே கதை என்று சபை ஆரம்பத்திலிருந்தே வாசித்து வந்திருக்கிறது. (சாஸ்திரிகள் மூன்று பேர் என்றும் வேதத்தில் இல்லை. மூன்று காணிக்கை என்பதால் மூன்று ராஜாக்களாக்கிவிட்டோம்.)

எங்கள் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு ஞாயிறும் காத்திருக்கும் காலம். நாங்கள் அட்வென்ட் என்போம், கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள். பாதிரியார் ஊதா உடுத்துவார். வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றுவோம். உள்ளே நிரம்பியிருப்பதை அப்புறப்படுத்தி இடம் பண்ணுகிற மாதம் அது. நாங்களோ டிசம்பர் முதல் வாரத்திலேயே செமி-கிறிஸ்துமஸ் என்று தொடங்கி, ஊரெல்லாம் பிரியாணி சாப்பிட்டு, 25-ஆம் தேதி வருவதற்குள் களைத்துப் போகிறோம். அப்புறம் உங்கள் காட்டேஜைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை?

ஆனால் கேரல் போவதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் பனியில் லைன் லைனாக நடந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பாடுவோம். நாய் குரைக்கும், டிரம் தோல் ஈரத்தில் தொய்ந்து பொத்துப் பொத்தென்று சத்தம் போடும், பையன்கள் சுருதி விட்டுவிடுவார்கள். தட்டுகிற கதவில் பாதி இந்து வீட்டுக் கதவு. அவர்களும் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். "எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி" என்று தூதன் சொன்னதில் எல்லா என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அந்தக் கதவுகள்தான். இந்த வருஷம் உனக்கு 24-ஆம் தேதி டே ஷிப்டாக இருந்தால் வந்து சேர்ந்துகொள். கம்பளிக் குல்லாய் மறக்காதே.

கடைசியாக, காந்தல் குடில். அவர்கள் மறக்கவில்லை. கத்தோலிக்க வீடுகளில் மாடு, கழுதை, மேய்ப்பர், சூசையப்பர், மாதா எல்லாரையும் முன்பே வைத்துவிடுவார்கள். தொட்டியை மட்டும் வைக்கோலோடு காலியாக விடுவார்கள். 24 நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்துதான் பாலன் இயேசுவின் சுரூபத்தை எடுத்து அதில் கிடத்துவார்கள். நீ பார்த்தது அதற்கு முந்திய நாளாக இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பேரன் எடுத்து விளையாடிவிடுவான் என்று என் மனைவி சுரூபத்தைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுவாள். டிசம்பர் முழுக்க உலைக்கு அரிசி அளக்கிறபோதெல்லாம் அது கையில் தட்டும். ஒருபக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அளப்பாள். பெத்லெகேம் என்ற பேருக்கு எபிரேயத்தில் அப்பத்தின் வீடு என்று அர்த்தம் என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். "தெரிஞ்சா வச்சேன்? வேற எங்க வச்சாலும் அவன் எடுத்துடறான்" என்றாள்.